டெய்லரக்கா வீட்டுக்கு அளவெடுத்த கதை

கட்டட அனுமதி வந்துவிட்டது என்று கணவர் போனில் சொன்னபோது டெய்லரக்காவின் உதடுகளுக்கு நடுவே ஆறு குண்டூசிகள் இருந்தன. எதிரே ஸ்டூல் மேல் ஒரு பெண், கவுனுக்கு விளிம்பு மடிக்க நின்றுகொண்டிருந்தாள். கத்த முடியாது, சிரிக்க முடியாது, விழுங்கவே கூடாது. "ம்ம்ம்ம்!" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஸ்டூல்காரி பயந்து கீழே குதித்துவிட்டாள்.

"என்னக்கா, ஊசி குத்திடுச்சா?"

டெய்லரக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் செருகினாள். ஆறாவது இறங்கியதும் வாய் திறந்தது. "வீடு கட்டப் போறேன்டி!"

அன்று அந்தக் கவுனின் விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் போனது. யாரும் குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாக எட்டுக்குப் பத்து அடி வாடகைக் கடையில் தைத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கிற ஒன்றரை அறையில் சமைத்துத் தூங்குகிறவள் அவள். வெட்டும் மேஜை சுவரோடு ஒட்டிக் கிடக்கும். நீளத் துணி என்றால் மேஜை மேல் ஏறிப் படுத்துத்தான் வெட்ட வேண்டும். ஊர் ஓரத்தில் ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய மனை ஒன்று இருந்தது. முன்னால் கடைக்கு ஓர் அறை, அதன் நடுவில் மேஜை, நாலு பக்கமும் சுற்றி வரலாம். அவள் கேட்ட ஆடம்பரம் அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கு பஸ் டெப்போவில் டயர் பிரிவில் வேலை. அவர் சேமிப்பு, அவள் சேமிப்பு, டெப்போ சங்கம் கொடுத்த கடன் மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன வீடு முடியும். ஆபத்துக்கென்று ஒரு மெல்லிய தொகையைத் தனியே வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு செங்கல் வாங்கக்கூட வழியில்லை.

வழியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இரண்டு தெரு தள்ளியே இருந்தது. வீட்டுக்காரரின் அக்கா, அதாவது டெய்லரக்காவின் நாத்தனார், மூன்று வருடமாக ஜன்னல் இல்லாத வீட்டில் இருக்கிறார். ஜன்னல் ஓட்டைகளில் நீல பிளாஸ்டிக் ஷீட். காற்று அடித்தால் வீடு முழுக்கக் கைதட்டும்.

"அஸ்திவாரம் போடறப்ப கான்ட்ராக்டர் எக்ஸ்ட்ரான்னான். கூரை போடறப்ப எக்ஸ்ட்ரான்னான்," என்று நாத்தனார் சொல்வார். "ஜன்னல் வைக்கறப்ப திரும்பிப் பாத்தா, ஆளே இல்ல. நீயும் கட்டு, கட்டு. எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்."

"அண்ணி, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"சும்மாதான் இருக்கேன். மூணு வருஷமா."

முதலில் போனது வீடு கட்டித் தரும் ஒரு கம்பெனியின் கண்ணாடி ஆபீஸுக்கு. உள்ளே குளிர், மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை வீடு, அதற்குப் பொம்மை மரம், வாசலில் பொம்மைக் கார். வீட்டுக்காரர் குனிந்து காரைப் பார்த்து, "இது எக்ஸ்ட்ராவா?" என்று கேட்டார். டை கட்டிய இளைஞர் சிரித்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொன்னார். ரொம்பக் குறைவு. வீட்டுக்காரரின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது.

டெய்லரக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. இந்த வித்தை அவளுக்குத் தெரியும். அவள் கடைப் பலகையிலும் இதேதான்: பெரிய எழுத்தில் தையல் கூலி. லைனிங் துணி, ஜிப், பட்டன், காலர் உள்ளே வைக்கிற விறைப்புத் துணி எல்லாம் உடை வாங்க வரும்போது சின்னக் குரலில்.

"தம்பி, ஒண்ணு சொல்லுங்க. நீங்க சொல்ற சதுர அடி உடம்பு அளவா, தச்ச அளவா?"

இளைஞருக்குப் புரியவில்லை.

"ஒரு ஆளுக்கு மார்பு முப்பத்தாறு இன்ச்சுன்னா, சட்டை நாப்பது இருக்கும். நான் உள்ள நின்னு கை நீட்டற இடத்துக்கு மட்டும் காசா, இல்ல சுவரோட தடிமனுக்கும் சேர்த்தா?"

"சுவரோட சேர்த்துத்தான் மேடம். எங்க போனாலும் அதுதான் முறை."

"மாடிப்படிக்கு மேல ஒரு மூடி கட்டுவீங்களே?"

"அதுவும் கணக்குல வரும்."

"வாசல் முன்னாடி நிழலுக்கு இழுக்கறது?"

"அது பாதி."

"தரைக்கு அடியில தண்ணித் தொட்டி?"

"அது சதுர அடி இல்ல மேடம். லிட்டர் கணக்கு. தனி."

கழிவுநீர்த் தொட்டி தனி. சுற்றுச்சுவர் தனி. கேட் தனி. கரண்ட் இணைப்பு தனி. மண் நிரப்புவது, 'மண்ணைப் பொறுத்து'. டெய்லரக்கா விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். இரண்டு கை விரலும் தீர்ந்துபோயின.

"அப்ப அந்த விலைக்குள்ள என்னதான் தம்பி வரும்?"

"வீடு மேடம்."

"மூச்சு விடறதும் அதுலயே அடங்குமா?" என்றார் வீட்டுக்காரர். வெளியே வந்ததும் அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால், டெய்லரக்கா தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "நம்ம கடை மாதிரியே இருக்குங்க! கொஞ்சம் பெரிய கடை, அவ்வளவுதான்."

இரண்டாவது ஆளுக்கு அவள் வைத்த பெயர் 'ஆயிடும்'. கேட்டதற்கெல்லாம் அந்த ஒரே பதில்தான். இந்தப் பணத்துக்கு முடியுமா? ஆயிடும்க்கா. ஆறு மாசத்தில்? ஆயிடும். தேக்குக் கதவு? ஆயிடும். வீட்டுக்கே வந்து, பின்னறையில் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் டீ குடித்தார். அவர் சிரிப்பைப் பார்த்தால் பணத்தை எடுத்து உடனே கையில் கொடுக்கத் தோன்றும்.

"இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க," என்றாள் டெய்லரக்கா.

"பேப்பர் எதுக்குக்கா? வாய் வார்த்தை போதாதா? நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

வந்திருந்த நாத்தனார் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "ஓட மாட்டாருப்பா, நடந்தேதான் போவாரு. என் வீட்டுல இருந்து போனவனும் அவசரமே படல."

பேப்பர் ஆகவில்லை. ஆளும் மறுபடி வரவில்லை.

மூன்றாவது ஆளை டெப்போவில் யாரோ சொல்லியனுப்பியிருந்தார்கள். வந்தவர் ஐம்பது வயது, சிரிக்காத முகம், தோளில் கடப்பாரை. மனையைப் பார்த்தார். விலை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒரு மூலையில் தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு குழி. பிறகு எதிர் மூலையில் இன்னொன்று. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. டெய்லரக்காவும் வீட்டுக்காரரும் வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணே, ரேட்டு..."

"மண்ணைப் பாக்காம ரேட் சொன்னா அது ரேட் இல்லம்மா, ஜோசியம்." குழிக்குள்ளிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். "இந்த மூலையில பழைய குப்பை கொட்டியிருக்காங்க. அஸ்திவாரம் இங்க மட்டும் ஒண்ணரை அடி கூட இறங்கணும். இதை இப்பவே சொல்லிடறேன். பாதியில சொன்னா உங்களுக்கு வயித்தெரிச்சல், எனக்குக் கெட்ட பேரு."

டெய்லரக்காவுக்குச் சிலிர்த்தது. துணியைத் தொட்டுப் பார்க்காமல் தையல் கூலி சொல்லாத ஆள்! அவரும் ஒரு தொழில்காரர்தான். அன்றிலிருந்து அவர் குழிக்காரர்.

நாலு நாள் கழித்துக் குழிக்காரரின் பேப்பர் வந்தது. ஆறு பக்கம். என்ன சிமெண்ட், எத்தனை கம்பி, எந்த அளவு ஜன்னல், குழாய்க்கு எவ்வளவு, ஸ்விட்ச் எத்தனை. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, 'இந்த விலையில் சேராதவை' என்று ஐந்து வரி. மொத்த விலையைப் பார்த்த வீட்டுக்காரர் நாற்காலியில் சரிந்தார். மூன்று பேரிலும் இதுதான் அதிகம்.

"அந்தக் கண்ணாடி ஆபீஸே போயிருக்கலாமோ?"

"இருங்க." டெய்லரக்கா பாட்டர்ன் வெட்டுகிற பழுப்புத் தாளைத் தரையில் விரித்தாள். இவருடைய பட்டியலில் உள்ளதையெல்லாம் இடது பக்கம் எழுதினாள். கண்ணாடி ஆபீஸ் தனி என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் கடைகடையாகப் போன் போட்டு விலை கேட்டு வலது பக்கம் எழுதினாள். தொட்டி, கேட், சுற்றுச்சுவர், குப்பை மண் மூலை. எட்டு மணிக்கு ஆரம்பித்தது ஒன்பதரைக்கு முடிந்தது. குறைந்த விலை வீடு கூடிக்கூடி, குழிக்காரர் வீட்டைத் தாண்டி மேலே போய் நின்றது.

வீட்டுக்காரர் தாளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "அடேங்கப்பா. பொம்மைக் காரை நாமதான் வாங்கிக் கொடுத்திருப்போம் போலிருக்கே."

இருந்தாலும் அவள் விடவில்லை. குழிக்காரர் முன்பு கட்டிய மூன்று வீடுகளின் முகவரி வாங்கிக்கொண்டு, அழைக்காத விருந்தாளியாகக் கதவைத் தட்டினாள். வீட்டைப் பார்க்கவில்லை, ஆட்களிடம் பேசினாள். வேலை ஆரம்பிச்சப்புறம் எத்தனை தடவை காசு கேட்டார்? முதல் வீட்டில் கேட்கவே இல்லை என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே. மூன்றாவது வீட்டு அம்மாள் மட்டும் பொரிந்து தள்ளினாள்.

"அந்த ஆளா? சரியான சிடுமூஞ்சி! ஒரு ஜன்னலை ரெண்டடி தள்ளி வைன்னேன். அதுக்கு ஒரு பேப்பரு, அதுல விலை, கீழ என் கையெழுத்து. கையெழுத்து போட்டாத்தான் செங்கல்லைத் தொடுவாராம்!"

டெய்லரக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அம்மாள் எதற்கென்று தெரியாமல் விழித்தாள்.

ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்குப் பணம். கூடுதல் வேலை என்றால் முதலில் விலை, பிறகு கையெழுத்து, பிறகுதான் வேலை. கடைசிப் பங்கு, குடிபோய் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய குழிக்காரர் தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

"என் வேலையில தப்பு இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லுங்கம்மா. எவ்வளவு வேணா திட்டுங்க. என் ஆளுங்க முன்னாடி மட்டும் வேண்டாம். அப்புறம் ஒருத்தனும் என் பேச்சைக் கேக்க மாட்டான்."

"சரிண்ணே, அதுக்கென்ன."

வேலை தொடங்கியது. டெய்லரக்காவின் நாள் தலைகீழானது. காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு தடவை, மத்தியானம் பஸ் பிடித்து ஒரு தடவை. பட்டன் தைக்க வேண்டிய சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து தைத்தாள். நேற்று முழங்கால் உயரம், இன்று இடுப்பு உயரம், நாளை ஜன்னல் கீழ் மட்டம். துணியில் இவ்வளவு பெரியதை அவள் தைத்ததில்லை. சுவர் ஈரமாக மணக்கும்போது அவளுக்குப் பசிக்கவே பசிக்காது.

ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்தார்கள். முன்னால் ஒரு வளைவு வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார் நாத்தனார். குழிக்காரர் மறுப்பும் சொல்லவில்லை, ஆமாம் போடவும் இல்லை. பேப்பரை எடுத்து விலையை எழுதி நீட்டினார். டெய்லரக்கா பார்த்தாள்.

"வளைவா? நமக்கு எதுக்கு அண்ணி? நேரா போனா வாசல் வராதா?"

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்து, கூரைக்கு முட்டுக் கொடுக்கிற பலகைகளும் கம்பங்களும் லாரியில் வந்து இறங்கிய மத்தியானம், டெய்லரக்கா கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்தாள்.

சும்மா ஆசைக்குத்தான். கடை அறை பதினாலு அடி நீளம் என்று வரைபடத்தில் இருக்கிறது. அந்தப் பதினாலு அடியைத் தன் கையால் ஒரு தடவை தொட்டுப் பார்க்கவேண்டும். சுவரோரமாக மண்டியிட்டு, ஐந்தடி, பத்தடி என்று நகர்ந்தாள். எதிர்ச் சுவர் முட்டியது. பதின்மூன்று அடி ஒன்பது இன்ச்.

மறுபடி அளந்தாள். அதே. படுக்கையறைக்கு ஓடினாள், அங்கேயும் குறைந்தது. சமையலறையிலும் குறைந்தது. மூன்று அறையிலும் இன்ச் இன்ச்சாக விழுங்கியிருக்கிறான். நீல பிளாஸ்டிக் ஷீட் கண் முன்னால் கைதட்டியது.

"அண்ணே! இங்க வாங்க!" அவள் குரல் மனை முழுக்கக் கேட்டது. கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "பதினாலு அடிக்குக் காசு வாங்கிட்டு மூணு இன்ச் எங்க போச்சு? உடம்பு அளவு, தச்ச அளவுன்னு ஊரெல்லாம் பேசிட்டு வந்து உங்ககிட்டயே ஏமாந்தேனே! ஆறு பக்கம் எழுதினா திருட்டு இல்லன்னு ஆயிடுமா?"

ஒன்பது ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். சாப்பாடு கொண்டுவந்த நாத்தனார், "நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார். உண்மையில் அவர் சொல்லியிருக்கவில்லை.

குழிக்காரர் நேராக அறைக்குள் வந்தார். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, ஒரு முனையை, லாரி இறக்குவதைப் பார்க்க வந்திருந்த வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். வீட்டுக்காரர் ஒரு சுவரில் வைத்துப் பிடிக்க, மறுமுனை எதிர்ச் சுவரில் நின்றது.

"பதினாலு," என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. "நூல் பிசகாம."

"டேப்பையே மாத்தி வச்சிருப்பான்," என்றார் நாத்தனார்.

வீட்டுக்காரர் தெருக்கோடி இரும்புக் கடைக்குப் போய், உறை பிரிக்காத புது டேப் வாங்கி வந்தார். உறையை எல்லார் முன்னாலும் பிரித்தார். பதினாலு. படுக்கையறை சரி. சமையலறை சரி.

பிறகு அவர் யாரும் சொல்லாமலேயே ஒன்று செய்தார். ஒரு பலகை மேல் புது டேப்பை நீட்டி, பக்கத்திலேயே மனைவியின் துணி டேப்பை நீட்டினார். துணி டேப்பின் அறுபதாவது இன்ச், இரும்பின் அறுபத்தொன்றில் போய் நின்றது.

ஒன்பது வருடம். கழுத்தில் தொங்கி, வியர்வையில் ஊறி, மேஜை முனையில் இழுபட்டு, அந்த டேப் வளர்ந்திருக்கிறது. கூட்டத்தில் யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். குழிக்காரர் சிரிக்கவில்லை.

"எத்தனையோ பேர் வாயில விழுந்திருக்கேன்மா. கறார்னு சொல்லியிருக்காங்க, சிடுமூஞ்சின்னு சொல்லியிருக்காங்க. திருடன்னு யாரும் சொன்னதில்ல. அதுவும் இவங்க முன்னாடி." டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "நாளைக்கு ஆள் வராது."

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பலகைகள் வாசலில் கிடந்தன. கூரை இல்லாத சுவர்களுக்குள் வெயில் நேராக இறங்கியது. டெய்லரக்கா போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார். "ஒண்ணு மட்டும் புரியல. அந்த டேப்பாலதானே ஒன்பது வருஷமா ஊருக்கே தச்சே? ஒருத்தர்கூட சரியில்லைன்னு சொல்லலையே?"

"உடம்பையும் அதே டேப்பால அளந்து, துணியையும் அதே டேப்பால வெட்டினா தப்பு எப்படிங்க தெரியும்? ரெண்டும் சேந்துதானே நீளுது." சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. "ஐயோ, யூனிஃபார்ம்!"

பள்ளிக்கூடத்துச் சீருடைக்கு மட்டும் உடம்பை அளப்பதில்லை. பள்ளிக்கூடம் அட்டையில் அச்சடித்த அளவு கொடுக்கும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு சட்டையும் அட்டையைவிடக் கொஞ்சம் பெரியதாகப் போயிருக்கிறது. 'அக்கா தச்சா வளர்ற பிள்ளைக்கு ஒரு வருஷம் கூட வரும்' என்று தாய்மார்கள் அவளைத் தேடி வந்ததெல்லாம் அதனால்தான். அந்தக் கூடுதல் துணி முழுக்க அவள் காசு. கண்ணாடி ஆபீஸை ஒன்றரை மணி நேரத்தில் பிடித்தவள், தன் கழுத்திலேயே தொங்கிய செலவை ஒன்பது வருடம் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் புரையேறும்வரை சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டெய்லரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "போனை எடுக்க மாட்டாரு. நேர்ல போறேன்."

மறுநாள் காலையில் போனாள். குழிக்காரரின் ஆபீஸ் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. சுவர் முழுக்க ஆணிகளில் ஃபைல்கள். அவர் நிமிரவில்லை.

"அண்ணே, எக்ஸ்ட்ரா பேப்பர் ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"வேலை நின்னதுக்கு. நின்னது என் தப்பால. உங்க முறைப்படி முதல்ல விலை எழுதுங்க. அப்புறம் கையெழுத்து."

அவர் ஆணியிலிருந்து அவள் ஃபைலை எடுத்தார். பிறகு எழுதினார். ஒன்பது பேருக்கு நாலு நாள் கூலி, பலகைக்கு நாலு நாள் வாடகை. ஒரு காசு கூட்டவில்லை. ஒரு காசு குறைக்கவும் இல்லை. ஆபத்துக்கென்று வைத்திருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டெய்லரக்கா கையெழுத்துப் போட்டாள்.

"காசு சரிம்மா," என்றார் அவர். "காசு மட்டும் போதாது."

"தெரியும்ணே. ஆளுங்களை நாளைக்கு வரச் சொல்லுங்க. எல்லாரையும்."

எல்லாரும் வந்தார்கள். டெய்லரக்கா செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்றாள். நாத்தனாரையும் வரவழைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் வாடிக்கையாளரிடம்கூட ஒரு தப்பை இவ்வளவு சத்தமாக ஒப்புக்கொண்டதில்லை.

"அன்னிக்கு இதே இடத்துல உங்க முன்னாடி அண்ணனைத் திருடன்னு சொன்னேன். அளவு சரி, டேப் தப்பு. டேப் என்னோடது. தனியா சொல்றேன்னு வாக்கு குடுத்துட்டு மீறினதும் நான்தான். மன்னிச்சுடுங்கண்ணே."

கலவைக்காரர் கையைத் தூக்கினார். "அக்கா, என் சட்டை கூட தோள்ல தொங்குது. அதுவும் அந்த டேப்புதானா?"

"அது நான் தைக்கலப்பா. உன் உடம்பு சரியில்ல!"

மனையே வெடித்துச் சிரித்தது. குழிக்காரரின் உதட்டோரம் ஒரு இன்ச்சின் எட்டில் ஒரு பங்கு மேலே போனது. அதற்கு மேல் போகவில்லை. "பலகையைத் தூக்குங்கப்பா," என்றார். "பேச்சு போதும்."

கூரை போட்ட நாளன்று டெய்லரக்கா கடையைப் பூட்டிவிட்டாள். காலை ஆறு மணிக்குக் கலவை இயந்திரம் இருமி, தும்மி, பிறகு உறும ஆரம்பித்தது. ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர். ஏணியில் வரிசையாக ஆட்கள்; கீழிருந்து மேலே சட்டி சட்டியாகக் கலவை பறந்தது. இடையில் நிறுத்தினால் கூரையில் ஒட்டு விழும், மழையில் ஒழுகும் என்பதால் யாரும் உட்காரவில்லை. கம்பிகளுக்கு நடுவே கலவை இறங்க இறங்க அதிரும் குழாயை ஒருவர் இழுத்துக்கொண்டே போனார். நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு ஓடினார். "ஏய், அந்த மூலையில கம்மியா இருக்கு பாரு!" என்று மேஸ்திரிக்கே உத்தரவு போட்டார். வீட்டுக்காரர் டெப்போவுக்கு விடுப்பு சொல்லிவிட்டு, சிமெண்ட் மூட்டை பிரிக்கிற இடத்தில் மாவு மில்காரர் மாதிரி வெள்ளையாக நின்றார். டெய்லரக்கா எங்கே இருந்தாள் என்று கேட்டால், எல்லா இடத்திலும் இருந்தாள்.

நாலரை மணிக்குக் கடைசிச் சட்டி ஏறியது. இயந்திரம் நின்றதும் ஏற்பட்ட அமைதியில் எல்லோருக்கும் காது இரைந்தது.

குழிக்காரர் கை கழுவிவிட்டு இந்தக் கட்டத்துக்கான பில்லை நீட்டினார். டெய்லரக்கா நின்றபடியே படித்தாள். ஒப்பந்தத்தில் எழுதிய அதே எண். கீழே அவள் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரி. வேறெதுவும் இல்லை. இரண்டாம் முறை படித்தாள். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த நாத்தனார், "பின்பக்கம் ஏதாவது இருக்கா பாரு," என்றார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நாத்தனார் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"கான்கிரீட் இறுகணும்னா நாளைக்குக் கூரை மேல தண்ணி கட்டணும்," என்றார் குழிக்காரர். "ஏழு மணிக்கு வந்துடுவேன்."

டெய்லரக்கா ஐந்தரைக்கே வந்துவிட்டாள். வீட்டுக்காரர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். புதுக் கூரை மேல் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் குமிழி விட்டது. சுற்றிலும் அடுத்த வீட்டுத் துணிக்கொடி, எதிர் வீட்டுத் தொட்டி, தூரத்தில் பஸ் வரும் வளைவு. இந்த மனையை ஏழு வருடமாகப் பார்க்கிறாள். இங்கிருந்து இத்தனை தெரியும் என்று தெரியாது.

கீழே சைக்கிளில் போன பேப்பர்காரர் காலை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, இவ்வளவு காலையில? யார் வீடு இது?"

"எங்க வீடு!" அவள் கத்திய கத்தலில் துணிக்கொடியிலிருந்து இரண்டு காக்கை பறந்தன.

"மெதுவா," என்றார் கீழே வீட்டுக்காரர். "ஏணி ஆடுது."

ஏழு மணிக்குச் சரியாகக் குழிக்காரர் ஏறி வந்தார். பாத்தியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"பத்தாதும்மா. இன்னும் ரெண்டு விரல் ஏறணும்."

"இதோண்ணே," என்று டெய்லரக்கா குழாயை மறுபடி முழுசாகத் திறந்தாள்.